காய்ச்சலில் ஊறிய விதை

கியா போர்வையை விலக்கி, மூத்தவளின் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த ஈரத்துணி முடிச்சை அவிழ்த்தாள். நான்கு நாளாக அங்கேயே இருந்த முடிச்சு அது. துணி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இருநூறு கஞ்சா விதையாவது இருக்கும். எல்லாம் ஊறிக் கறுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தன.

"என்னடி, பல்லைக் காட்டுச்சா?" என்றாள் சுவா படுத்தபடியே.

"இல்லக்கா."

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட இல்ல."

"பிடிவாதம் பிடிச்ச சனியனுங்க," என்று சொல்லிச் சுவா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. இருமல் அடங்கியதும், "தேய்ச்ச தேய்ப்பு பத்தாது. மணலைப் போட்டு இன்னொரு தரம் தேய். தோலு நல்லா இளைக்கணும்," என்றாள்.

இருவரும் ஒரே ஆளுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். சுவா மூத்தாள், கியா இளையாள். தனக்குப் பிள்ளை இல்லை என்றானதும், சுவாவே மலை தாண்டிப் போய்ப் பெண் கேட்டுக் கூட்டிவந்தவள்தான் கியா. கூட்டிவந்த மூன்றாம் மாதமே "இந்த வினையை நானே தேடிக்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு. ஒருமுறை, சேவலை யார் அறுப்பது என்று வந்த சண்டையில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த இரண்டு வருடமும் இருவரும் நாயிடம்தான் பேசினார்கள். "அவளைச் சாப்பிட வரச்சொல்லு" என்று சுவா நாயிடம் சொல்வாள். "எனக்குப் பசியில்லன்னு சொல்லு" என்று கியா அதே நாயிடம் சொல்லியனுப்புவாள். நாய்க்கு அந்த இரண்டு வருடமும் நல்ல சாப்பாடு. புருஷன் நோங் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அவனுக்காகப் போட்ட சண்டையெல்லாம் அவனோடு போயிற்று. அவர்களுக்கென்றே இருந்த சண்டைகள் மட்டும் மிச்சம்.

கியா மரக்கிண்ணத்தில் விதைகளைக் கொட்டி, ஆற்றுமணல் ஒரு பிடி போட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

கஞ்சா என்றதும் புகையை நினைப்பவர்கள் கீழே சமவெளியில் இருக்கிறார்கள். இந்தப் பாறைமலையில் அது துணி. தண்டிலிருந்து நாரை உரித்து, நுனியோடு நுனி முறுக்கி, சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, நெய்து, அவுரியில் முக்கி எடுத்தால் பாவாடை. உயிரோடு இருக்கும்வரை ஒரு மோங் இனப் பெண் எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொள்ளலாம். செத்த பிறகு நார்த்துணிதான். வேறு எதையாவது கட்டிக்கொண்டு போனால் அங்கே காத்திருக்கும் முன்னோருக்கு அடையாளம் தெரியாது, யாரோ எவளோ என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் ஒவ்வொருத்தியும் தன் சாவுப் பாவாடையை உடம்பில் தெம்பிருக்கும்போதே நெய்து பெட்டியில் வைத்துவிடுவாள்.

கியாவின் பெட்டியில் பாவாடை இருந்தது. சுவாவின் பெட்டி காலி.

அது காலியான கதை ஊருக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில், கியாவின் மூத்த மகன் சேங், கணவாயில் மூடுபனியில் பைக்கோடு விழுந்தான். இருபத்தாறு வயதுப் பையனுக்கு யார் சாவுத்துணி நெய்து வைத்திருப்பார்கள்? கியா சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் திரும்பவேயில்லை. கேட்டிருந்தால் தன் பாவாடையைத் தந்திருப்பாள். சுவா கேட்கவில்லை. தன் பெட்டியைத் திறந்து, எட்டு முழப் பாவாடையின் மடிப்புகளைப் பிரித்து, வெட்டி, ஒரே பகலில் ஆண்பிள்ளை அங்கியாகத் தைத்து, பெறாத மகனுக்கு உடுத்தி அனுப்பினாள். "எனக்கென்ன அவசரம், மெதுவா நெய்துக்கறேன்," என்றாள்.

நெய்துகொள்ள வாய்க்கவில்லை. அந்த வசந்தத்தில் கியா படுக்கையை விட்டு எழவில்லை. சுவா அவளுக்குக் கஞ்சியை ஊட்டிவிட்டு, இரண்டு பேர் பங்கு மக்காச்சோளக் காட்டையும் தனியாகக் கொத்தினாள். கஞ்சா விதைக்கிற பருவம் போயே போய்விட்டது. அடுத்த வருடம் சுரைக்குடுக்கையிலிருந்து பாதி விதையை எடுத்து விதைத்தார்கள். ஒரு முளைகூட வரவில்லை. "ஆழமாப் புதைச்சிட்டேன். என் கைதான் சரியில்ல," என்று சுவா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த இலையுதிர்காலத்தில் அவள் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது கியா தன் பாவாடையைத் தருகிறேன் என்கிறாள். சுவா வேண்டாம் என்கிறாள். பத்து நாளாக இதே பேச்சு.

"எனக்குக் குடுத்துட்டு நீ என்னத்தக் கட்டிட்டு வருவே?"

"நான் நெய்துக்குவேன்."

"நீயா? சோம்பேறிக் கழுதை. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டு, கடைசியில சந்தைப் பாவாடையோட வந்து நிப்பே. அங்க எவனும் உன்னை உள்ள விடமாட்டான். நான் மட்டும் உள்ள உக்காந்துக்கிட்டு யாரோட சண்டை போடறது?"

கியாவின் இளைய மகன் லூவின் மனைவி மாய் நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தாள். டோங் வான் சந்தையில் பூப்போட்ட நைலான் பாவாடை ஒன்றை வாங்கிவந்து, "பெரியத்தை, பாக்க அப்பிடியே நம்ம பாவாடை மாதிரியே இருக்கு," என்று விரித்துக் காட்டினாள். சுவா தடவிப்பார்த்து, இடுப்பில் விரல் நின்ற இடத்தில், "இது என்னடி பல்லு?" என்றாள். ஜிப். பிணத்தின்மேல் குன்றிமணி உலோகம்கூட இருக்கக்கூடாது என்பது மாய்க்கும் தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டாள். "பரவால்ல, வச்சுக்க. நீ உயிரோடதானே இருக்கே," என்று சுவா அதை அவளுக்கே கொடுத்துவிட்டாள். பாவம், அன்றைக்கெல்லாம் மாய் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பக்கத்து வீட்டில் விதை வாங்கி விதைக்கலாம் என்றால் அதற்கும் சுவா இறங்கிவரவில்லை. சாவுப்படுக்கை விரித்த வீட்டுக்கு யாரும் விதை தரமாட்டார்கள். தந்தாலும், "அடுத்தவ வீட்டு நாரைக் கட்டினா அடுத்தவ வீட்டு வாசல்லதான் போய் நிக்கணும்" என்றாள். இது ஊர் வழக்கமா, அவளாகச் சொல்வதா என்று முப்பத்தைந்து வருடமாகியும் கியாவுக்குப் பிடிபடாத விஷயங்களில் ஒன்று. கடைசியில் சுவா ஒரு வழிக்கு வந்தாள். குடுக்கையில் மிச்சமிருக்கும் பழைய விதை முளைக்கட்டும். முளைத்ததைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால், கியா தனக்கென்று நெய்துகொள்வாள் என்று நம்பி, அவள் பாவாடையைக் கட்டிக்கொண்டு போவாள். முளைக்காவிட்டால் வெறும் போர்வையோடு போவாள்.

கஞ்சா விதை எண்ணெய் விதை. ஒரு வருடம் தாங்கும், இரண்டு வருடம் தயவு பண்ணும். அதற்குமேல் அதனிடம் கெஞ்சத்தான் வேண்டும். அடுப்பருகே வைத்தால் சூடு அதிகம், வெளியே இன்னும் பனி. சுவாதான் வழி சொன்னாள். "காய்ச்சல் சும்மாதானே எரியுது. என் வயித்துல கட்டு. எதையாச்சும் பொரிச்சுட்டுப் போறேன்."

கியாவின் உள்ளங்கை சிவந்துவிட்டது. மணலை அலசி வடித்தாள்.

"ஒன்னைக் குடு," என்று சுவா வாயைத் திறந்தாள். முன்பல்லால் கடித்து, நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். "கசப்பு. எண்ணெய் கெட்டுப்போச்சு. இன்னொன்னு குடு." இரண்டாவதும் கசந்தது. மூன்றாவதைக் கடித்ததும் அவள் புருவம் ஏறியது. "இது பரவால்ல. பால் இருக்கு. குடுக்கையில நடுவுல சாம்பலோட இருந்ததா இருக்கும்."

கியா கையை நிறுத்தினாள். சொல்வதற்கு இனி எத்தனை வேளை கிடைக்கும் என்று தெரியவில்லை.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. எனக்கென்ன வேலை கெட்டுப்போகுது?"

"குடுக்கையை அடுப்புக்கு மேல மாட்டினது நான்தான். சேங் போன வருஷ மழையில வடக்குச் சுவர் ஒழுகுச்சு. ஈரம் பட்டுருமேன்னு எடுத்து மாட்டினேன். அப்புறம் மறந்துட்டேன். ஒரு வருஷம் பூரா அங்கயே தொங்குச்சு."

"தெரியும்," என்றாள் சுவா.

"எப்பிடி?"

"விதைக்கறப்பவே புகை நாறுச்சு. வெந்துபோன விதைன்னு கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சேவா விதைச்சே? ஊர் பூரா உன் கைதான் சரியில்லன்னு..."

"பின்ன என்ன சொல்றது? மகனைப் பறிகுடுத்தவ விதையையும் கொன்னுட்டான்னு ஊர் பேசணுமா? அப்பவே உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

கியா கிண்ணத்தின்மேல் குனிந்தாள். குனிந்த தலை குனிந்தபடி இருக்க, கண்ணீர் கிண்ணத்துக்குள் சொட்டியது.

"கிண்ணத்துல அழாதடி. உப்புத்தண்ணி விதைக்கு ஆகாது," என்றாள் சுவா.

கியா மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு தண்ணீர் மாற்றினாள். வெதுவெதுப்பாக ஊறவைத்து, புதுத் துணியில் முடிந்து, மறுபடி சுவாவின் வயிற்றில் கட்டினாள். இந்த மனுஷிக்குத் தான் என்னத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு பாவாடை. அதையும் வாங்கமாட்டேன் என்கிறாள்.

மதியத்துக்கு மேல் சுவாவின் மூச்சு மாறியது. ஒன்று நீளமாக, அடுத்தது குட்டையாக. இளைய மகன் லூ வந்து காலடியில் நின்று, "பெரியம்மா," என்றான். அவள் தலையை அசைத்தாள். செத்தவருக்கு வழிகாட்டும் வழிப்பாட்டைப் பாடச் சூ மாமாவைக் கூட்டிவர அவன் கிளம்பினான். மாமா இருப்பது மேல்மலையில், போய்வர ஒருநாள் ஆகும். மாய் அவனுக்கு அவித்த மக்காச்சோள மாவை இலையில் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

"கியா."

"இருக்கேன்க்கா."

"முடிச்சைக் கொண்டா. நானே பாக்கறேன்."

கியா அவிழ்த்துத் துணியை அவள் கையருகில் விரித்தாள். ஒரு பொய்யை வாய் நிறைய வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். முளைத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் தொட்டாலே விதையின் வயதைச் சொல்லிவிடுகிறவளிடம் எந்த வாயால் சொல்வது?

சுவாவுக்குக் கண் தெரிவது குறைந்திருந்தது. விரலால் விதைகளை மெதுவாகப் பரப்பினாள். ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தாள். இன்னொன்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"வெடிச்சிருக்குடி," என்றாள்.

கியா பாய்ந்து குனிந்து பார்த்தாள். அந்த விதை மூடியே இருந்தது. பக்கத்தில் இருந்ததும் மூடியே இருந்தது.

"வால் விட்டிருக்கு. நாக்குல குத்துது பாரு," என்றாள் சுவா. அவள் முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. சேவலைத் திருட்டுத்தனமாக அறுத்துவிட்டு, நரி தூக்கிப்போய்விட்டது என்று புருஷனிடம் சொன்ன அன்று இருந்த அதே முகம். வெந்த விதையைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்தவள் இதில் ஏமாறமாட்டாள் என்று கியாவுக்குப் புரிந்தது.

"எத்தனை இருக்குன்னு எண்ணு. எனக்குச் சரியாத் தெரியல."

கியா துணிமேல் குனிந்தாள். "ஒன்னு," என்றாள். மூடிய விதையைத் தள்ளிவைத்தாள். "ரெண்டு. மூணு. இதோ இங்க ஒன்னு, நாலு." இப்படியே எண்ணிக்கொண்டு போனாள். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தினாள். "ஒன்பது."

"ஒன்பது போதும். அதுல நாலாச்சும் பொட்டையா இருக்கும். காய்ச்சா அடுத்த வருஷம் ஒரு கிண்ணம் விதை. அதுக்கடுத்த வருஷம் ஒரு பாத்தி. அப்புறம் உரிச்சு, நெய்து... அதுக்குள்ள நீ செத்துத் தொலைக்கக்கூடாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"சரி, போய் எடுத்துட்டு வா."

கியா தன் பெட்டியிலிருந்து பாவாடையைக் கொண்டுவந்து அவள் கைமேல் வைத்தாள். சுவா இடுப்புப்பட்டியைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"தையல் கோணல்."

"நடந்து போறதுக்குத்தானே. நேரா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன?"

"பின்னாடி வர்றவன் சிரிப்பான்."

"பின்னாடி வரப்போறது நான்தான். நான் சிரிக்கமாட்டேன்."

கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னாள். "நீ இல்லன்னா அந்த வருஷமே நான் சேங் பின்னாடியே போயிருப்பேன். நீ ஊட்டின கஞ்சிதான்க்கா இது, இன்னிக்கு உக்காந்து பேசறது."

"அந்தக் கஞ்சியில உப்பே இல்லன்னு நீ துப்பினே," என்றாள் சுவா.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. வெயில் எதிர்ப்பாறையை விட்டு ஏறிப்போகும் நேரத்தில், முடிச்சைத் திரும்பக் கட்டலாம் என்று கியா போர்வைக்குள் கையை விட்டாள். வயிறு ஏறி இறங்கவில்லை. சூடு மட்டும் இன்னும் இருந்தது. கியா கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். மாய் வந்து பார்த்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு, "அத்தை" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அதன்பிறகுதான் கியா அழுதாள். அழுது முடித்ததும் முடிச்சைத் தன் சட்டைக்கு உள்ளே, வெறும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

மாயும் அவளுமாக வெந்நீர் வைத்து சுவாவைக் குளிப்பாட்டினார்கள். வெள்ளிக் காதணியைக் கழற்றினார்கள். பாவாடையைச் சுற்றும்போது, கோணல் தையல் முதுகுப்பக்கம் அடியில் மறைகிற மாதிரி கியா இழுத்து விட்டாள். இரண்டுமுறை கழற்றி இரண்டுமுறை சரிசெய்தாள். மாய் பொறுமையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் முற்பகலில் லூ சூ மாமாவோடு வந்து சேர்ந்தான். முரசைத் தொங்கவிட்டார்கள். வீடு முழுக்க ஜனம். சூ மாமா சுவாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வழிப்பாட்டை ஆரம்பித்தார். போகிறவள் சும்மா எழுந்து போய்விடக்கூடாது, இருந்த இடத்துக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். இத்தனை வருடம் குடித்த ஊற்றுக்கு, எரித்த விறகைத் தந்த காட்டுக்கு, குளிர் காய்ந்த அடுப்புக்கு, காலைத் தாங்கிய மண்ணுக்கு என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச்சொல்ல, சுவா நன்றி சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து, பிறந்த ஊர்வரை போகவேண்டும். சக்களத்திக்கு என்று அந்தப் பாட்டில் ஒரு வரி கிடையாது. இளையாள் மூத்தாளுக்குச் சொல்ல வேண்டியதற்கும் வரி கிடையாது. சூ மாமா ஊற்றைச் சொன்னபோது கியா அக்காவுக்குச் சொன்னாள். விறகைச் சொன்னபோதும் அக்காவுக்கே சொன்னாள். பாட்டு நீளமானது, அவளுக்கு நிறைய இடம் கிடைத்தது.

எல்லோரும் மண்டியிட்டுக் குனிந்தபோது கியா மட்டும் குனியவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாய் நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"அத்தை, வயிறு வலிக்குதா?"

"இல்லடி."

"பின்ன ஏன் பிடிச்சிட்டிருக்கீங்க? இருங்க, நான் பாக்கறேன்."

கியா அவளைக் கூட்டிக்கொண்டு தானியப் பரணுக்குக் கீழே போனாள். அங்கே நின்று சட்டையைத் தூக்கி முடிச்சை எடுத்தாள். அவிழ்ப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். மாயே முடிச்சின் காதைப் பிடித்து இழுத்தாள். துணி விரிந்தது.

பெரும்பாலானவை நேற்று இருந்தபடியே இருந்தன. சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. ஓரத்தில் மூன்று விதைகள் மட்டும் ஓட்டைப் பிளந்து, வெள்ளையாக, அரிசிக்குருணை அளவுக்கு வால் விட்டிருந்தன.

மாய்க்கு உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குக்கூட இடமில்லை. கழுத்தை நீட்டி, "எத்தனை அத்தை வந்திருக்கு?" என்றாள்.

உள்ளே சூ மாமாவின் பாட்டு அடுப்பை முடித்துவிட்டு வாசற்படிக்கு வந்திருந்தது. கியா துணியின் நாலு முனையையும் ஒன்றாகச் சேர்த்தாள்.

"ஒன்பது," என்றாள்.

மாய் மூன்றைத்தான் பார்த்திருந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்போ துணி காயக்கூடாது. வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.